மச்சானுக்குத் திறக்காத பலூன்

ஏனுங்க தம்பி, அந்த ஜன்னலோரத்தை எனக்குத் தர்றீங்களா? வேற ஒண்ணுமில்லைங்க, இந்த எடது தோள்ல யாராச்சும் இடிச்சா உசுரு போயிட்டு வருது. ஜன்னல் பக்கம்னா யாரும் இடிக்க மாட்டாங்க. வேண்டாம் வேண்டாம், வெயில் அடிக்குது, நீங்களே இருங்க. எந்திரிச்சுட்டீங்களா? சரிங்க. வெயில் அடிச்சா அடிச்சுட்டுப் போகுது. மாறிக்குவோம்.

ஊசிப்பாறைப் பிரிவு வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. கண்டக்டர்கிட்டச் சொல்லியிருக்கறன், ஆனா அவரு போன்லயே இருக்கறாரு. பிரிவுல எறங்கி உள்ள போனா எந்தங்கச்சி வூட்டுக் குலசாமி கோயில். இன்னைக்கு அவ புள்ளைக்குக் காது குத்து. நான் தாய்மாமன். அந்தியூர்ல பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடறன், நல்லசிவம்னா அங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஊருப்பட்ட விசேசத்துக்குப் பந்தல் போட்ட எனக்கு, சொந்தத் தங்கச்சி புள்ள விசேசத்துக்குப் போலாமா வேண்டாமான்னு ஒரு ரோசனை. ஈரோட்டுல பஸ்ஸு மாறறப்பக் கூடத் திரும்பிப் போயிரலாம்னுதான் நின்னனுங்க. இந்தப் பஸ்ஸு கெளம்பிருச்சு, ஏறிட்டன்.

பல்லைப் பாக்கறீங்க. பாருங்க, பாருங்க, எல்லாரும்தான் பாக்கறாங்க. முன்பல்லு ரெண்டும் கட்டுனது. காரை எலும்பு ஒடஞ்சு சேர்ந்தது. எல்லாம் எங்க மாப்பிள்ளை, தங்கச்சி வூட்டுக்காரரு புண்ணியம். காரு இடிச்சா ஆளு முன்னால ஒரு பலூன் திறக்குமில்லைங்க, ஏர்பேக்குன்னு? அவருக்குத் திறந்துச்சு. எனக்குத் திறக்கல. ஒரே காரு, ஒரே இடி, பக்கத்துப் பக்கத்து சீட்டு. மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடி கூட ஒடையல, மச்சானுக்குப் பல்லு போச்சு. இதை நான் எங்க போய்ச் சொல்ல?

தானாத் திறக்காமப் போயிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டனுங்க. என்ற நேரம்னு உட்டிருப்பன். என்ற சீட்டுப் பலூனை அவரு கையாலயே அணைச்சு வெச்சிருந்தாரு. சாவி போட்டு அணைச்சாரு. நான் கண்ணால பாத்தன். அப்ப எனக்கு அது என்னன்னு தெரியல.

முதல்லேர்ந்து சொல்றன். அவரு பேரு சேனாபதி. கோயமுத்தூர்ல மோட்டார் பம்பு கம்பெனில சூப்பர்வைசரு. குடி கெடையாது, சீட்டு கெடையாது, தங்கமான மனுசன்னு ஊரே சொல்லும். நானும் சொன்னவன்தான். ஆனா எதுக்கெடுத்தாலும் ஒரு முறை, ஒரு ஒழுங்கு. சோடா பாட்டிலைத் திறக்கோணும்னாக் கூட மேல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டுத்தான் திறப்பாரு. எந்தங்கச்சி கோகிலவாணி, வாணின்னு கூப்புடுவோம், அவளும் அவரோட சேர்ந்து அப்படியே ஆயிட்டா.

போன மாசியிலயே காது குத்தறதா இருந்துச்சுங்க. அவங்க புதுக் காரு வாங்கியிருந்தாங்க. அந்தியூருக்கு வந்து என்னையக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போறதுன்னு பேச்சு. என்ற சம்சாரமும் சனங்களும் வேன்ல முன்னாடியே போயிட்டாங்க. பின்னால டிக்கி பூராம் மாமன் சீரு. தாம்பாளம், பழம், பட்டுப் பாவாடை, ஒண்ணுக்கும் கொறை வைக்கல. புதுக் காருன்னா திருஷ்டி கழிக்கோணுமில்ல? நல்லாப் பெருத்த சாம்பப் பூசணி ஒண்ணு வாங்கி, ஊட்டுலயே மேல ஓட்டை போட்டு, உள்ள குங்குமத்தைக் கொட்டி, மூடி, கயிறு போட்டுக் கட்டித் தயாரா வெச்சிருந்தன். கோயில் வாசல்ல சுத்திப் போட்டு ஒடைக்கறதுதான் பாக்கி.

கார்க் கதவைத் திறந்து பாக்கறன், பின் சீட்டுல புள்ளைக்குன்னு ஒரு சேரு கட்டி வெச்சிருக்காங்க. குறுக்க நெடுக்க வாரு. மகிழினிக்கு ஒன்றரை வயசு. சாமி காரியத்துக்குப் போற புள்ளையைக் குத்தவாளி மாதிரி வாரு போட்டுக் கட்டறதா? "அம்முணி, இன்னைக்கு மாமன் மடிதான் அவளுக்கு நாற்காலி"ன்னு வாரிக்கிட்டு முன்சீட்டுல ஏறி ஒக்காந்துட்டன். பூசணிக்காயைத் தூக்கி அந்தச் சேர்ல வெச்சு, வாரையும் மாட்டி விட்டன். பொருந்திப் போச்சுங்க! புள்ளை கணக்காவே ஒக்காந்திருந்துச்சு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. வாணி சிரிக்கல.

மாப்பிள்ளை சொன்னாரு, "மச்சான், புள்ள பின்னால இருக்கட்டும். முன்னால மடியில வெக்கக் கூடாது." நான் கேட்டன், "கோயில்ல யாரு மடியில வெச்சுங்க காது குத்தறது? உங்க மடியிலயா?" அவரு ஒண்ணும் பேசல. அவரு எப்பவும் இப்படித்தான். நாலு வார்த்தை சண்டை போட்டா நாமளும் நாலு வார்த்தை பேசி மனசு ஆறிக்கலாம். அவரு பேசாம நிப்பாரு, நமக்குத்தான் உள்ள கொதிக்கும். "விடுங்க, சண்டை வேண்டாம்"னு வாணி கண்ணைக் காட்டுனா. மனுசன் சுத்தி என்ற பக்கம் வந்தாரு, கதவைத் திறந்தாரு, முன் பலகையோட ஓரத்துல, கதவு மூடுனா மறைஞ்சு போற எடத்துல ஒரு ஓட்டை, அதுல சாவியைப் போட்டு ஒரு திருகு. முன்னால மஞ்சளா ஒரு லைட்டு எரிஞ்சுது. ஒரு ஆளு படமும் அதும் மேல ஒரு கோடும். நான் என்னத்தைக் கண்டேன்? புள்ள இருக்குதேன்னு கதவைப் பூட்டறாராட்ட இருக்குதுன்னு நெனச்சன். கண்ணுக்குக் கூசுதேன்னு அந்த லைட்டு மேலயே மல்லிச்சரத்தை எடுத்துப் போட்டும் வெச்சன்.

பெல்ட்டா? போட்டனுங்க. போட்டன்னா, முதுகுக்குப் பின்னால போட்டன். அது மாட்டலீன்னா வண்டி கீங் கீங்னு கத்தும், அதான் மாட்டிட்டு அதும் மேல ஒக்காந்துட்டன். எல்லாரும் செய்யறதுதானுங்களே. புது வேட்டி சட்டை, சட்டை கசங்கிருமில்ல. நீங்க எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?

அரச்சலூர் தாண்டி புள்ள அழுக ஆரம்பிச்சுது. பசி. வண்டியை ஓரங்கட்டுனாரு. வாணி பால் குடுக்கோணும்னு வாங்கிட்டா. குடிச்சு முடிச்சதும் புள்ள கண்ணு சொக்குது, அப்படியே பின்னால அந்தச் சேர்லயே போட்டு வாரை மாட்டிட்டா. அப்பப் பூசணிக்காய்க்கு எடமில்ல. "குடு இப்படி"ன்னு நான் வாங்கி மடியில வெச்சுக்கிட்டன். கனமா இருந்துச்சு. புள்ள கனம் இருக்கும், கொஞ்சம் கூடவே.

இப்ப நல்லாக் கேளுங்க. இங்கதான் விசயம். மாப்பிள்ளை எறங்கி மறுபடியும் என்ற பக்கம் வந்தாரு. கண்ணாடியைத் தட்டி, "மச்சான், ஒரு நிமிசம் கதவைத் திறங்க, சாவி போடோணும்"ங்கறாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. புள்ள பின்னால போயிருச்சு, இனி மச்சானையும் பூசணிக்காயோட பின்னால போன்னு சொல்றதுக்குத்தான் இந்த நாடகம்னு. தாய்மாமன் பின் சீட்டுல ஒடுங்கிட்டுப் போய் எறங்கறதா, பங்காளிக அத்தனை பேரும் பாக்க? கைப்பிடியை இறுக்கிப் புடிச்சுக்கிட்டன். "நல்ல நேரம் போயிட்டிருக்குது, எடுங்க மாப்பிள்ளை"ன்னன். "அவரு சொல்றதைக் கேளுண்ணா"ன்னு பின்னாலருந்து வாணி. "நீ சும்மா இரு"ன்னு ஒரு அதட்டுப் போட்டன். வெயில்ல கொஞ்ச நேரம் நின்னாரு, பொறகு வந்து வண்டியை எடுத்தாரு. மனசுல ஒண்ணுமில்லாதவரா இருந்தா நின்னு என்னன்னு சொல்லியிருக்க மாட்டாரா? சொல்லுங்க?

அதுக்கப்பறம் அஞ்சு நிமிசம் கூட இருக்காது. ஒரு செங்கச்சூளை ரோட்டுலருந்து டிராக்டரு டிரெய்லரோட குறுக்க வந்துட்டான். மாப்பிள்ளை பிரேக்கைப் போட்டாரு. அவரு மேல தப்புச் சொல்ல மாட்டன், வண்டி ஓட்டுனதுல தப்பே இல்ல. டமார்னு ஒரு சத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண்ணைத் திறக்கறன், வாயெல்லாம் உப்புக் கரிக்குது. பக்கத்துல பாத்தா மாப்பிள்ளை முன்னால வெள்ளையா ஒரு பை காத்துப் போய்த் தொங்குது, மாவு கணக்காப் பொகை. அவரு இருமிட்டு, "புள்ள, புள்ள"ன்னு பின்னால திரும்பறாரு. மச்சான்னு ஒரு வார்த்தை கேக்கலைங்க.

புள்ளைக்கு ஒரு கீறல் இல்ல. தூக்கம் கலைஞ்ச கடுப்புல அழுதுச்சு, அவ்வளவுதான். வாரு அப்படியே புடிச்சு வெச்சிருந்துச்சு.

பூசணிக்காய்தான் போச்சு. அதை ரெண்டு கையிலயும் கட்டிப் புடிச்சிருந்தனுங்க. எழுவது கிலோ அண்டாவைச் சோத்தோட ஒத்தை ஆளா எறக்கி வெக்கற கை இது. எப்ப போச்சு, எப்படிப் போச்சுன்னே தெரியல. முன் கண்ணாடியில போய் அடிச்சு, கண்ணாடி பூராம் வலை மாதிரி வெடிச்சு, சதையும் விதையும் குங்குமமும் எங்க பாத்தாலும் செகப்பு. என்ற சட்டை, மேல, கீழ, எல்லாம். நான் என்ன நெனச்சன் தெரியுங்களா? ஆத்தா, நாங்க ஒடைக்கறதுக்கு முன்னாடி நீயே ஒடச்சுக்கிட்டியே, வந்த கண்டம் பூசணிக்காயோட போச்சேன்னு கையெடுத்துக் கும்பிட்டன். ஒத்தைக் கையாலதான், இன்னொண்ணு தூக்க முடியல.

அப்ப வாணி ஒரு காரியம் பண்ணா பாருங்க. கூடப் பொறந்த அண்ணன் பல்லு ஒடஞ்சு கெடக்கறன். புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு எறங்கி முன்னால வந்தா. என்னையப் பாக்கவே இல்ல. அந்தக் கண்ணாடியையே பாத்தா. அதுல ஒட்டியிருந்த செகப்பையே பாத்தா. பாத்துட்டு அப்படியே நடு ரோட்டுல ஒக்காந்து, ஓன்னு ஒரு அழுகை. செங்கச்சூளை ஆளுக எல்லாம் ஓடி வந்துட்டாங்க, யாருக்கோ என்னமோ ஆயிருச்சுன்னு. "புள்ள நல்லாத்தான இருக்குது, உன்ற இடுப்புலதான இருக்குது"ன்னு கத்தறன், அவ காதுல ஏறல. ஒரு பூசணிக்காய்க்கு யாராச்சும் ஒப்பாரி வெப்பாங்களா தம்பி?

தண்ணி இருக்குங்களா? ஒரு வாய் குடுங்க. போதும்.

ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப எனக்கு ஒறக்கம் வரல. ஏன் எனக்குத் திறக்கல, ஏன் எனக்குத் திறக்கல, இதே ரோசனை. எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சதும் நேரா அந்தக் கார்க் கம்பெனி ஒர்க்ஷாப்புக்குப் போயிட்டன். உங்க பலூனு பொய்யின்னு சத்தம் போட்டன். ஒரு மேனேஜரு, சின்ன வயசு, ஒக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்துச் சொன்னாரு. முன் பக்கம் இடியை உணர்ற சமாச்சாரம் ஒண்ணு இருக்குதாம். இடி எவ்வளவு கெட்டின்னு பாத்து உள்ள இருக்கற பொட்டிக்குச் சொல்லுமாம். பொட்டி ஒரு மருந்தைப் பத்த வெக்குமாம், வேட்டு மாதிரி. அது கேஸாகிப் பையை ரொப்பிரும். நாம கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுருமாம். ரொம்புன கையோட ஓட்டை வழியாக் காத்து எறங்கிரும், நம்ம மூஞ்சி மெத்துனு போய் விழறதுக்கு. ஆனா அது பஞ்சு மெத்தைன்னு நெனச்சுராதீங்க, வெளிய வர்ற வேகத்துல பக்கத்துல இருந்தா அடி பேயடியா இருக்கும்னாரு. பெல்ட்டு ஆளைப் பின்னால புடிக்கோணும், பை தலையைத் தாங்கோணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் கணக்காம்.

"அதெல்லாம் இருக்கட்டும், எனக்கு ஏன் திறக்கல?"ன்னன். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, "உங்க பக்கத்துப் பையை சாவி போட்டு நிறுத்தி வெச்சிருந்திருக்காங்க"ன்னாரு. எனக்கு மண்டைக்குள்ள சுர்ருனு ஏறிருச்சு. எதுக்கு நிறுத்துவாங்கன்னு கேட்டன். "மடியில சின்னப் புள்ள இருந்தா நிறுத்தித்தான் ஆகோணும். பை வர்ற வேகத்துல புள்ளைக்கு அடிபட்டுச் செத்துரும். அதுக்காக நிறுத்துனா மடியில வெக்கலாம்னு இல்லைங்க, அந்த எடத்துல புள்ளையே இருக்கக் கூடாது. இடிக்கற நேரத்துல பத்துக் கிலோ புள்ள பல நூறு கிலோவா இழுக்கும், எந்தக் கையும் நிக்காது"ன்னாரு. நான் உடனே சொன்னன், "தம்பி, நான் அண்டா தூக்கற ஆளு"ன்னு. நீங்க இப்ப இருக்கற மாதிரியே பாத்துட்டிருந்தாரு.

சரி, புள்ளைக்காக அணைச்சாரு. ஒத்துக்கறன். புள்ள பின்னால போனதும் மறுபடி போட்டு விட வேண்டாமா? அதுதானுங்க என்ற கேள்வி. அந்த ஒரே கேள்விதான். இதை நான் சொந்தக்காரங்க அத்தனை பேரு முன்னாலயும் கேட்டன். பெரியப்பன் வூட்டுக் கல்யாணத்துல, பந்தியில வெச்சு, "மச்சானை முடிச்சுரலாம்னு பாத்தீங்களா மாப்பிள்ளை?"ன்னு சத்தமாவே கேட்டன். அவரு எலையை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. கதவைத் திறக்கச் சொன்னதையோ, நான் திறக்காததையோ இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஏன் சொல்லல? அவரு பக்கம் ஞாயம் இருந்தாச் சொல்லியிருப்பாரில்ல? நானும் சொல்லல, அவரே சொல்லாததை நான் எதுக்குச் சொல்லோணும்?

அதுலருந்து பேச்சு வார்த்தை இல்ல. அவங்க வூட்டுல, மாப்பிள்ளையோட பெரியம்மா மகன் மடியில வெச்சுக் குத்திக்கலாம்னு பேச்சு வந்துருச்சாம். எங்களுக்கு அப்பன் ஆத்தா இல்ல. அவளை வளர்த்துக் கட்டிக் குடுத்தது நான். இந்தப் புள்ளைக்குப் பேரு வெக்கறப்ப மூணு தடவ காதுல சொன்னது நான். என்னையக் கண்டா ரெண்டு கையும் நீட்டிட்டு வரும். இப்ப வாய் நெறையப் பேசப் பழகியிருக்கும். நான் பாக்கல.

நேத்து வாணி போன் பண்ணா. "அண்ணா, மடி உன்னுதுதான். வேற யாரையும் நான் ஒத்துக்க மாட்டேன். அவரும் அதைத்தான் சொல்றாரு. நீ வந்தாப் போதும்"னா. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்படியே உட்டிருக்கலாம். வாயி சும்மா இருக்கோணுமே! "எல்லாம் சரி அம்முணி, உன்ற வூட்டுக்காரரு எனக்குப் பண்ணுனதை மட்டும் மறக்க மாட்டன்"னு சொல்லிப் போட்டன்.

அதுக்கு அவ கேக்கறா, "அண்ணா, அன்னைக்குப் பாப்பா பசிச்சு அழாம இருந்திருந்தா?" நான் சொன்னன், "இருந்திருந்தா என்ன, என்ற மடியில தூங்கியிருக்கும்." "இடிச்சப்போ?" "நான் புடிச்சிருப்பேன்ல! மாமன் கையை உட்டு எங்க போகும்?"

"பூசணிக்காயைப் புடிச்ச மாதிரியாண்ணா?"ன்னா. வெச்சுட்டா.

என்ன பேச்சுங்க இது? பூசணிக்காயும் புள்ளையும் ஒண்ணா? புள்ளைன்னா உசுரு. வேற மாதிரி புடிப்போம். புடிப்போமில்ல? நீங்களும் புள்ள குட்டிக்காரராத்தான் தெரியறீங்க. சொல்லுங்க. அப்ப நான் உட்டுருப்பனா? ராத்திரி பூரா இந்தக் கையை இப்படி வெச்சுப் பாக்கறன், அப்படி வெச்சுப் பாக்கறன். சம்சாரம் என்ன பண்றீங்கன்னு கேக்கறா, என்னன்னு சொல்ல? கண்ணை மூடுனா அந்தக் கண்ணாடிதான் வருது. வாணி ஒக்காந்து அழுததும். அன்னைக்கு அவ பூசணிக்காயைப் பாக்கல தம்பி. அவ பாத்தது பூசணிக்காய் இல்ல.

சரி, விடுங்க.

என்னது, பிரிவா? வந்துருச்சா? யோவ் கண்டக்டரு, எறங்கோணும்! நிறுத்தச் சொல்லுங்க! அந்தப் பையை எடுங்க தம்பி, அது இல்ல, செகப்பு, ஆங். உள்ள தோடு இருக்குது. அட, அங்க பாருங்க, வேப்ப மரத்தடியில வெள்ளைக் காரு. எங்க மாப்பிள்ளைதான். அவரே வந்து நிக்கறாரு. கூட்டிட்டுப் போக ஆளு அனுப்பாம அவரே வந்திருக்காரு பாருங்க. முன்சீட்டுக் கதவைத் திறந்து புடிச்சுக்கிட்டு நிக்கறாரே! மச்சானுக்கு மரியாதையாமா. பின்னால என்ற தங்கம், சேர்ல ஒக்காந்துட்டுக் கையை ஆட்டுது. யாருக்குன்னு தெரியாமயே ஆட்டுது.

மாப்பிள்ளை! மாப்பிள்ளே! இங்க, பஸ்ஸுல! வந்துட்டனுங்க! அந்தக் கதவைச் சாத்திப் போடுங்க, வேண்டாம்! நான் பின்னால பாப்பாகிட்ட ஒக்காந்துக்கறன்!

என்ன தம்பி சிரிக்கறீங்க? தோளு வலிங்க. முன்னால ஒக்காந்தா வெயில் அடிக்கும். அதுக்குத்தான், வேற ஒண்ணுமில்ல. நகருங்க, எறங்கோணும்.